காதில் சொன்ன பேர்

அத்தியாயம் 14

இந்தக் காலத்தில் வாயால் சொன்ன வார்த்தைக்கு மதிப்பே கிடையாது. எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். தாளில் முத்திரை வேண்டும். முத்திரைக்குப் பக்கத்தில் கைநாட்டு வேண்டும். கைநாட்டு வைக்கிறவனை நிற்க வைத்து போட்டோ வேறு எடுக்க வேண்டும். 'மாடு செத்துப் போச்சு' என்று ஒரு மனிதன் சொன்னால், 'படம் இருக்கா?' என்று கேட்கிறார்கள். எந்த மடையனாவது செத்த மாட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வானா? எடுத்துக்கொள்கிறான். அவனுக்குத்தான் முதலில் காசு வருகிறது.

புத்த மடத்தை ஒட்டிய தம்மாயோன் மண்டபத்தில், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த பழனியப்பன் இதையெல்லாம் மனசுக்குள் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்மாக்காரக் கிழவரிடம் தமிழிலேயே சொன்னார். அவருக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். அவருக்கும் மாடு செத்திருந்தது.

போன மழைக்காலத்தில் கியாக்தான் ஊர் ஓரத்து ஓடைகளில் தண்ணீர் ஏறி, பழனியப்பன் கொட்டகைக்குள் முழங்கால் அளவு நின்றது. தண்ணீர் வடிந்தபிறகு கோமாரி வந்தது. வாயும் குளம்பும் வெந்து, பன்னிரண்டு நாளில் பதினோரு மாடு போயின. மிச்சம் மூன்று. ஒன்று பால் வற்றிய கிழம். ஒன்று காளைக் கன்று. ஒன்று சினைச் செவலை.

சர்க்கார் நிவாரணம் தரப்போகிறது என்று அறிவித்தபோது அவர் நம்பவில்லை. போன வாரம் வார்டு ஆபீஸ் வாசலில் பட்டியல் ஒட்டியபோதும் நம்பவில்லை. பட்டியலைப் படிக்க அவருக்குத் தெரியாது. ஆனால் 'உங்க வீட்டு நம்பர் இருக்கு, ஊ பழனி' என்று நாலு பேர் பர்மா மரியாதையில் 'ஊ' போட்டுச் சொன்னபிறகு கொஞ்சம் நம்பிவிட்டார். அதுதான் தப்பு.

மடியில் துணிப்பை. பைக்குள் இரண்டு புதுக் கழுத்துக் கயிறு. தன்லினில் பியே ஊர்த் தரகன் ஒருவன் இரண்டு கறவை மாட்டை இவருக்காகப் பிடித்து வைத்திருக்கிறான். இன்றைக்கு அந்தி சாய்வதற்குள் காசோடு போக வேண்டும். போகாவிட்டால் வேறு ஆளுக்கு. அதைவிடப் பெரியது நிலம். நிலத்துக்காரர் ஊ சோ மின் தெளிவாகச் சொல்லிவிட்டார். 'மாடு இல்லாத கொட்டகைக்கு இடம் எதுக்கு? மாசக் கடைசிக்குள்ள மாடு கட்டு. இல்லேன்னா கிடங்கு கட்டுறவனுக்கு விட்டுடுவேன்.' மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

மனைவி தைலம்மாளையும் கூடவே வரச் சொன்னார். அவள் வரவில்லை. "செவலைக்குப் பின்பக்கம் தளர்ந்து போயிருக்கு. இன்னைக்கோ நாளைக்கோ போட்டுடும். நீங்க போயிட்டு வாங்க" என்றாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

மேசையில் பேர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பக்கத்துக் கிழவரைக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு எருமை செத்தவனைக் கூப்பிட்டார்கள். மாட்டையே பார்த்திராத முகம் ஒன்றைக்கூடக் கூப்பிட்டார்கள். கூட்டம் கரைந்து பாய்தான் மிச்சமிருந்தது. பழனியப்பன் எழுந்து மேசைக்குப் போனார்.

மேசையில் இருந்த ஆபீஸ்காரி, சயாமா என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டியவள், சின்னப் பெண். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து வட்டமாகப் பூசியிருந்தாள்.

"என் பேரைக் கூப்பிடவே இல்லையே, சயாமா" என்றார் பர்மாப் பேச்சில்.

அவள் தாளில் விரலை ஓட்டினாள். "ஊ பழனிக்கு மாடு இல்லையே."

"இல்லைதான். செத்துப் போச்சு. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"செத்ததும் இல்லை. உங்க பேர்ல மாடே கிடையாது, ஊ."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பழனியப்பன் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"நாப்பது வருஷமா மாடு வச்சிருக்கேன். கியாக்தான்ல எந்த டீக்கடையில வேணாலும் கேளு."

"டீக்கடையில கேட்டு எழுத முடியாது, ஊ. உங்க வீட்டு நம்பருக்குப் பதினோரு மாடு இருக்கு. மா பவானி எட்டு. கோ பாலா ரெண்டு. டோ மாரி ஒண்ணு."

"டோ மாரியா? அது யாரு?"

"உங்க வீட்டு ஆளு. வயசு எழுதலை. டோன்னு இருக்கு, பெரியவங்கதான். உங்க அக்காவா?"

பழனியப்பனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது எங்க அம்மன். கோயில்ல இருக்கிற சாமி. அவளுக்கு நேந்து விட்ட மாடு அது."

"சாமியா இருந்தாலும் கையெழுத்துப் போட ஆள் வரணும். கூடவே மப்பொந்தின் அடையாளக் கார்டு வேணும். நாளைக்கு நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்போம். நடக்க முடியாதவங்கன்னா வீல்சேர்ல கூட்டிட்டு வாங்க."

"அவ நடக்கிறவ இல்லை சயாமா. வருஷத்துக்கு ஒரு தடவை தேர்ல வர்றவ."

சயாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, "கோ பாலாவும் இன்னும் வரலை. மா பவானி மட்டும் காலையிலயே வந்து வாங்கிட்டாங்க" என்றாள்.

"யாரு?"

"உங்க மகதானே? எட்டு மணிக்கு முதல் ஆளா வந்தாங்க. இதோ கையெழுத்து."

தாளைத் திருப்பிக் காட்டினாள். பழனியப்பனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்துத் தெரியும். பள்ளிக்கூட அட்டையில் பார்த்திருக்கிறார். கடைசி எழுத்தின் வால் நீண்டு, கன்றுக்குட்டி வால் மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்.

நேற்று ராத்திரி போனில், 'லீவு கிடையாதுப்பா, நான் வர முடியாது' என்று சொன்னவள் அவள்.

அந்தத் தாளின் அடியில் ஒரு கட்டைவிரல் ரேகை. "இது யாரோடது?"

"கணக்கெடுத்த அன்னைக்கு மாட்டு விவரம் சொன்னவங்க. டோ தைலம்."

*

அந்த விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பழனியப்பன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கன்று தரையில் விழுந்து, தட்டுத் தடுமாறி எழுந்து, சீம்பாலுக்கு மடியைத் தேடிப் போகும் முன்பு, அதன் காதில் ஒரு பேரைச் சொல்ல வேண்டும். 'நீ பாலாவுக்கு.' 'நீ பவானிக்கு.' சொல்லாமல் விட்ட கன்று வீட்டில் நிலைக்காது என்பது அவருடைய அப்பன் சொல்லிக் கொடுத்தது. அந்த அப்பன் வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே லைனில் கூலியாக இருந்து, இரண்டு மாட்டோடு தனிக் கொட்டகை போட்டவர்.

மகன் பாலா பேர் சொன்ன கன்றுகளில் இரண்டுதான் தங்கின. பவானி பேர் சொன்னதெல்லாம் தங்கின. பிறந்த பெண்ணின் ராசி அது என்று பழனியப்பன் கண்டுகொண்டார். அதற்குப்பிறகு கிடேரி எது விழுந்தாலும் அதன் காதில் பவானி பேர்தான். பால் வாங்க வருகிறவர்களிடம், 'இது எம் மக மாடு' என்று தட்டிக் காட்டுவார். பால் காசை அவர்தான் வாங்குவார். விற்றால் அவர்தான் விற்பார். அதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை. அப்படித்தான் அவர் நினைத்திருந்தார்.

கணக்கெடுக்க ஆட்கள் வந்த அன்று அவர் மிச்ச மாட்டுக்கு மருந்து வாங்கிவரப் பெகோ டவுனுக்குப் போயிருந்தார். தைலம்மாள்தான் வீட்டில் இருந்தாள். 'இது யார் மாடு, இது யார் மாடு' என்று குழியைக் காட்டிக் கேட்டிருப்பார்கள். அவளும் வீட்டில் சொல்கிற மாதிரியே சொல்லியிருப்பாள். வெள்ளந்தி. அவளுக்கு என்ன தெரியும்?

ஆனால் மகளுக்குத் தெரியும். படித்தவள்.

*

படகுத்துறைக்குப் போகிற ரோட்டில் பர்கத்துல்லாவின் டீக்கடை. முப்பது வருஷமாகப் பழனியப்பன் பாலில்தான் அங்கே டீ. மாடு செத்தபிறகு டின் பால். அதற்காகவே பழனியப்பன் அங்கே டீ குடிப்பதை நிறுத்தியிருந்தார்.

"வாங்க பழனி அண்ணே. உக்காருங்க" என்றார் பர்கத்துல்லா. எப்போதும் இருந்த இடத்திலிருந்தே கூப்பிடுகிறவர், இன்று எழுந்து வந்தார்.

"பவானி வந்தாளா பாய்?"

பர்கத்துல்லா மேசையைத் துடைத்தார். சுத்தமாக இருந்த மேசையையே துடைத்தார்.

"பாய், உன்னைத்தான் கேக்கிறேன்."

"வந்தா. ஏழு மணிக்கு வந்து மொஹிங்கா சாப்பிட்டா. ஒன்பது மணி லைன்கார் பஸ்ஸுல திரும்பிப் போயிட்டா."

"எனக்கு ஒரு ஆளை விட்டுச் சொல்லணும்னு தோணலையா? பத்து எட்டு வச்சா எங்க வீடு."

"சொல்லாதீங்க மாமான்னு கேட்டுக்கிட்டா அண்ணே."

"கேட்டா? நாளைக்கு உன் கடையைக் கொளுத்துங்க மாமான்னு கேட்டா அதையும் செய்வியா?"

"என் கடை அவ பேர்ல இல்லையே" என்றார் பர்கத்துல்லா. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பழனியப்பன் அவரை உற்றுப் பார்த்தார். "அப்ப உனக்கும் தெரியும். மாடு அவ பேர்ல எழுதியிருக்குன்னு."

"ஊருக்கே தெரியும்ணே. பட்டியல் ஒட்டி ஒரு வாரம் ஆச்சு. உங்ககிட்ட யாரு வந்து சொல்றது? நீங்க திட்டுவீங்க."

"திட்டினா என்ன, செத்தா போவே?"

"ஒரு டீ குடிங்க. குடிச்சிட்டுப் போங்க."

"உன் டின் பாலை நீயே குடி." துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பழனியப்பன் லைன்காரைப் பிடிக்கப் போனார்.

*

கியாக்தானிலிருந்து தன்லின் பாலத்தைத் தாண்டி, யாங்கோன் நடுவில் இறங்கி வேறு பஸ் ஏறி, பவானி வேலை பார்க்கிற லைங் தாயா போய்ச் சேர மூன்று மணி நேரம். தன்லினைக் கடக்கும்போது தரகன் சொன்ன இடத்தைப் பழனியப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வேலியோரம் இரண்டு மாடு கட்டியிருந்தது. அவைதானா என்று தெரியவில்லை. ஒன்று திமில் சரிந்த வெள்ளை. மடி நன்றாக இருந்தது. பஸ் நிற்கவில்லை.

வழியெல்லாம் அவருக்கு ஒரே நினைப்பு. வெளியாள் ஏமாற்றினால் திட்டலாம். தரகன் ஏமாற்றினால் சட்டையைப் பிடிக்கலாம். பெற்ற பெண் ஏமாற்றினால் எதைப் பிடிப்பது? அதுவும் வீட்டு வாசல் வரை வந்து, வீட்டுக்குள் வராமல். அப்பன் முகத்தைப் பார்க்காமல். மொஹிங்கா சாப்பிட நேரம் இருந்திருக்கிறது.

ஒரு தடவை அவள் கேட்டாள். அது நினைவில்லாமல் இல்லை. ஒன்பது வருஷம் இருக்கும். பத்தாம் வகுப்பில் தேறிவிட்டு, நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். 'என் மாட்டுல ஒண்ணை வித்துக் குடுங்கப்பா' என்றாள். அந்த வருஷம் புல்லுக்கே வழியில்லை. 'உன் மாடா? அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றது' என்று சொல்லி அனுப்பினார். வேறு என்ன சொல்வது? அவள் அழவில்லை. அடுத்த மாதம் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். மாசாமாசம் அம்மாவுக்குக் காசு அனுப்பினாள். எல்லாம் சரியாகப் போய்விட்டது என்றுதான் அவர் நினைத்தார்.

லைங் தாயாவில் இறங்கியபோது கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. சந்துக்குள் சந்து. இரண்டு பக்கமும் தீப்பெட்டி அடுக்கின மாதிரி அறைகள். போன வருஷம் ஒரே ஒரு தடவை வந்த வழி. இரண்டு இடத்தில் கேட்டு, ஒரு இடத்தில் தப்பாகத் திரும்பி, கடைசியில் ஒரு சின்ன லாரியின் பின்புறத்தில் போய் முட்டினார்.

லாரியிலிருந்து தையல் மிஷின் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இரும்பு மேசையோடு சேர்ந்த பெரிய மிஷின். ஒன்று ஏற்கெனவே அறைக்குள் போயிருந்தது. இரண்டாவது வாசலில். மூன்றாவது லாரியில். 'பாத்து, பாத்து, படியில இடிக்காதீங்க' என்று பர்மாப் பேச்சில் கத்திக்கொண்டிருந்தது பவானி. அவளோடு அறையில் தங்கியிருக்கிற உஸ்மா மறுமுனையைப் பிடித்திருந்தாள்.

பவானி திரும்பினாள். திடுக்கிடவில்லை. "வாங்கப்பா. பர்கத் மாமா போன் பண்ணினாரு."

அவனுமா இரண்டு பக்கமும் பேசுகிறான் என்று பழனியப்பன் பல்லைக் கடித்தார்.

உஸ்மா ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். "உக்காருங்க மாமா. தண்ணி கொண்டாரேன்."

"உக்கார வரலை."

உஸ்மா ஸ்டூலையும் பார்த்து அவரையும் பார்த்துவிட்டு, மிஷின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"லீவு கிடையாதுன்னு சொன்னியே நேத்து" என்றார் பழனியப்பன்.

"ஆமாப்பா. பேச்சுக்குச் சொன்னேன்."

அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் தெரியாத மாதிரி நின்றார்.

"எட்டு மாட்டுக் காசு எங்கே?"

பவானி மிஷினைக் காட்டினாள். "இது மூணு. அதோட இந்த அறைக்கு முன்பணம். நானும் உஸ்மாவும் கம்பெனியை விட்டு நிக்கிறோம். பள்ளிக்கூடச் சட்டை தைக்கிற ஆர்டர் கிடைச்சிருக்கு."

"எட்டு மாடு மூணு மிஷினாயிடுச்சு."

"ஆயிடுச்சுப்பா."

"நல்லது. இதுக்கு வைக்கோல் வேணாம். சாணி அள்ள வேணாம். கோமாரி வராது. கறந்தா எத்தனை படி கறக்கும்?"

உஸ்மா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள். பவானி சிரிக்கவில்லை.

"தன்லின்ல ரெண்டு மாடு எனக்காக நிக்குது" என்றார் பழனியப்பன். குரல் ஏறியது. "இன்னைக்கு அந்திக்குள்ள காசு குடுக்கலைன்னா போச்சு. மாடு கட்டலைன்னா ஒன்பது நாள்ல நிலம் போச்சு. நானும் உங்கம்மாவும் எங்கே போறது? இந்த மிஷினுக்கு அடியிலயா படுக்கிறது? என் காசை எடுக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"உங்க காசா?"

"பின்னே யாரு காசு? தீனி போட்டது யாரு? ராப்பகலா மருந்து தடவினது யாரு? பதினோரு குழி வெட்டினது யாரு?"

"நீங்கதான். நான் இல்லேங்கலை." பவானி லாரிக்காரர்களிடம் பர்மாப் பேச்சில் ஏதோ சொன்னாள். அவர்கள் மூன்றாவது மிஷினை அப்படியே வைத்துவிட்டுத் தள்ளிப் போய் வெற்றிலை போட்டார்கள். "ஆனா ஒண்ணு சொல்லுங்க. ஒவ்வொரு கன்னுக்கும் காதுல சொன்னீங்களே, பவானிக்குன்னு. என்னைத் தூக்கிட்டுப் போயி கூடவே நிறுத்தி வச்சு சொன்னீங்க. ஊருக்கெல்லாம் சொன்னீங்க. நான் கேட்டப்ப மட்டும் பேச்சுக்குச் சொன்னதுன்னீங்க. இப்ப சர்க்கார் நீங்க சொன்னதை நிஜம்னு எழுதிருச்சு. எது நிஜம்ப்பா? நீங்க யாருக்குப் பொய் சொன்னீங்க, எனக்கா, மாட்டுக்கா?"

பழனியப்பனுக்குக் கோபம் வந்தது. 

"அது வழக்கம். வழக்கத்தைக் கொண்டுபோயி கோர்ட்டுல வைப்பாங்களா? உங்கம்மா ஒண்ணும் தெரியாம வாய் தவறிச் சொல்லிட்டா. அதை நீ பிடிச்சுக்கிட்டே. கிழவியோட ஏமாளித்தனத்துல காசு பார்த்துட்டே."

பவானி மெதுவாகச் சொன்னாள்.  "அம்மா வாய் தவறலைப்பா."

"என்ன?"

"கணக்கெடுக்க வந்த அன்னைக்கே எனக்கு போன் பண்ணினாங்க. 'உங்கப்பா சொன்ன மாதிரியே சொல்லியிருக்கேன். உன் எட்டையும் உன் பேர்ல எழுத வச்சிருக்கேன். காசு வர்ற அன்னைக்கு நேரத்தோட வந்துடு'ன்னாங்க."

லாரி என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. செவலைக்குப் பின்பக்கம் தளர்ந்திருக்கிறது என்று காலையில் முகத்தைப் பார்க்காமல் சொன்னது பழனியப்பனுக்கு இப்போது உறைத்தது. நாற்பது வருஷம் ஒரே கொட்டகையில் சாணி அள்ளியவள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பவானி அறைக்குள் போய்க் கைக்குட்டையில் முடிந்த ஒரு கட்டைக் கொண்டுவந்தாள். "இது ரெண்டு மாட்டுக் காசு. தனியா எடுத்து வச்சிருந்தேன். இதைக் கொண்டுபோயி அந்த மாட்டை வாங்குங்க. நிலமும் போகாது."

பழனியப்பன் கை தானாக நீண்டது.

"ஆனா ஒண்ணு" என்றாள் பவானி.

கை நின்றது.

"செவலை போடப்போற கன்னு என்னோடதுன்னு எழுதிக் குடுங்க. கிடேரியோ காளையோ, எதுவானாலும். உஸ்மா எழுதுவா. நீங்க கைநாட்டு வைங்க."

"எழுதணுமா?"

"தாள்ல வேணும்ப்பா. வாயால வேணாம்."

நாலு தெரு தள்ளி ஏதோ கம்பெனியில் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியது. சந்து முழுக்கப் பெண்கள் வந்து நிறைந்தார்கள். லாரியைச் சுற்றிக்கொண்டு, மிஷினை எட்டிப் பார்த்துக்கொண்டு, 'மா பவானி, மிஷின் வந்துடுச்சா' என்று கேட்டுக்கொண்டு போனார்கள். ஒருத்தி மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பழனியப்பன் சட்டைப்பையில் போன் அடித்தது. தைலம்மாள். அவர் ஒரு பட்டனைத்தான் அழுத்தத் தெரிந்து வைத்திருந்தார். அழுத்தினால் சத்தம் ஊருக்கே கேட்கும்.

"செவலை போட்டுடுச்சுங்க!" தைலம்மாள் மூச்சு வாங்கப் பேசினாள். "கிடேரி! அப்படியே தாயை உரிச்சு வச்சிருக்கு. நெத்தியில வெள்ளை. எந்திரிக்கப் பாக்குது. நீங்க எங்கே இருக்கீங்க?"

பவானி கை கட்டி நின்றிருந்தாள். உஸ்மா தாளும் பேனாவுமாக நின்றிருந்தாள்.

"உம் பொண்ணு வாசல்ல நிக்கிறேன்" என்றார் பழனியப்பன்.

மறுமுனையில் செவலை அடித்தொண்டையில் கத்தியது.

"அப்ப தெரிஞ்சுடுச்சு" என்றாள் தைலம்மாள்.

"எனக்குத் தெரியாம செஞ்சே."

"கேட்டாங்க, சொன்னேன். நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லலை." பிறகு அவள் குரல் தள்ளிப் போய்த் திரும்பி வந்தது. "எந்திரிச்சிருச்சுங்க. மடிக்குப் போகுது. சீக்கிரம் சொல்லுங்க. யாருக்குன்னு சொல்றது? போனைக் காதுகிட்ட வைக்கட்டா?"

பழனியப்பன் பவானியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தாள். எட்டு வயதில் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, கன்றின் காதுக்கு அப்பன் வாய் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அதே பார்வை.

ஒரு பேர். ஒரு வார்த்தை. ஒரு கைநாட்டு. கைக்குட்டைக் கட்டு அங்கேயே மிஷின் மேல் இருக்கிறது. ஆறு மணிக்குள் தன்லின் போய்விடலாம்.

"அப்பன் வாய்க்குத் தாள் கேக்கிற வீட்டுல எனக்கு என்ன பேச்சு?" என்றார்.

"என்னங்க? விளங்கலை. யாருக்குன்னு சொல்லுங்க. மடியைப் பிடிக்கப் போகுது."

அவர் எழுந்தார். துணிப்பையை எடுத்தார். உள்ளே கயிறு இரண்டும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இருந்தன.

"நீங்க சொல்லலைன்னா நானே சொல்லிடறேன்" என்றாள் தைலம்மாள். அடுத்து அவள் சொன்னது போனுக்கு இல்லை. குனிந்து, சின்னக் குரலில், ஈரக் காதுக்குச் சொன்னாள். லாரி உறுமியது. சந்தில் பெண்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். பழனியப்பனுக்கு அந்தப் பேர் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. போன் தானாக அணைந்தது.

"யார் பேருப்பா சொன்னாங்க?" என்றாள் பவானி.

அவர் துணிப்பையைத் தோளில் மாட்டினார். மிஷினைச் சுற்றிக்கொண்டு, கைக்குட்டைக் கட்டைத் தொடாமல், கூட்டத்துக்குள் இறங்கி நடந்தார்.

"அப்பா, காசை எடுத்துட்டுப் போங்க. எழுத வேணாம், போங்க. நான் கேக்கலை!"

அது பின்னாலிருந்து வந்தது. நிஜமாகச் சொல்கிறாளா, பேச்சுக்குச் சொல்கிறாளா? யாரைக் கண்டது? தாளில் எழுதியா கொடுத்தாள்? இப்போது யார் வாயை நம்புவது? நாளைக்கு நாலு மணிக்குள் டோ மாரியின் ஒரு மாட்டுக் காசுக்கு வழி தேட வேண்டும். பாலா போனை எடுக்க மாட்டான்.

கூட்டம் அவரை இடித்துக்கொண்டு போயிற்று. பழனியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் நிற்கும் இடம் வரை, தான் செய்ததில் தப்பு எது என்று யோசித்துக்கொண்டே நடந்தார். ஒன்றும் அகப்படவில்லை.